நெருப்புக்கும் உடலுக்கும் நடுவே

தாய்லாந்தின் கிராமத்து வைத்தியத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நோட்டுப் புத்தகத்தோடு போவார்கள். என்ன மூலிகை, எந்த நோய்க்கு, எத்தனை நாள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு திரும்புவார்கள். அது வீண் வேலை இல்லை. ஆனால் அந்த வைத்தியத்தை ரசிக்க வேண்டுமானால் மூலிகைப் பெயர்களைச் சற்று நேரம் மறந்துவிட்டுச் சூட்டைக் கவனியுங்கள். நெருப்பு நெருப்பாகவே வந்தால் சுட்டுவிடும். அதை ஓர் உடம்பு வாங்கிக்கொள்ளும் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்காக நெருப்புக்கும் உடலுக்கும் நடுவே எதையாவது வைக்கிறார்கள்: துணி, உப்பு, இலை, நீராவி, சில சமயம் இன்னொரு மனிதரின் கால். நடுவில் இருப்பது என்ன, அதைப் பிடித்திருப்பவர் யார் என்று பார்க்கப் பழகினால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

எளிதில் கண்ணில் படுவது ஒத்தட உருண்டை. லூக் பிரகோப் என்பார்கள். பாங்காக்கின் சொகுசு விடுதிகளிலும் கிடைக்கும். அங்கே பெரும்பாலும் காய்ந்த சரக்கை நீரில் நனைத்துப் பயன்படுத்துவார்கள். பச்சை மூலிகையை இடித்துக் கட்டுவதைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். நிறையில் அதிகம் சேர்வது ப்ளாய். இஞ்சியின் உறவு, வெட்டினால் உள்ளே மஞ்சள் நிறம், முகர்ந்தால் இஞ்சியும் கற்பூரமும் கலந்த நெடி. அதோடு மஞ்சள் கிழங்கு, எலுமிச்சைப்புல், மக்ரூட் என்ற சுருக்கம் விழுந்த எலுமிச்சையின் தோல், புளிய இலை, சோம் போய் இலை. சோம் போய் என்பது நாம் தலைக்குத் தேய்க்கும் சீயக்காய்க் கொடிதான். அதன் இலை புளிக்கும். கடைசியில் உப்பு, கற்பூரம், பச்சைக் கற்பூரம் போன்ற பிம்சேன். எல்லாவற்றையும் ஒன்றிரண்டாகத்தான் இடிப்பார்கள். விழுதாகிவிட்டால் சாறு ஒழுகிவிடும், ஆவியும் உள்ளே புகாது. பருத்தித் துணியில் வைத்து, நான்கு முனையையும் மேலே திரட்டி, கயிற்றால் இறுக்கிச் சுற்றிப் பிடி ஒன்று செய்வார்கள். அந்தக் கட்டைப் பாருங்கள். பழகிய கை கட்டினால் அழுத்தி உருட்டினாலும் நெகிழாது.

எப்போதும் இரண்டு உருண்டைகள் இருக்கும். ஒன்று ஆவிச் சட்டியில் கால் மணி நேரமாக வெந்துகொண்டிருக்க, மற்றது உடம்பின் மேல் இருக்கும். ஆவியிலிருந்து எடுத்ததும் வைத்தியர் அதை முதலில் தன் கையில்தான் ஒற்றிப் பார்ப்பார். முன்கையின் உட்புறம், தோல் மெல்லிதாக இருக்கும் இடம். அதன் பிறகுதான் உங்கள் முதுகுக்கு வரும். வந்ததும் நிற்காது, தொட்டுத் தொட்டு எடுப்பார், வேகமாக. சூடு சற்று இறங்கியதும் வேகம் குறையும், அழுத்தம் கூடும். இன்னும் ஆறியதும் ஓரிடத்தில் வைத்து உருட்டுவார். பிறகு அடுத்த உருண்டை, மறுபடி வேகம். கண்ணை மூடிக்கொண்டு இந்தத் தாளத்தைக் கவனியுங்கள். வெப்பமானி எதுவும் இல்லாமல் ஒரு கை சூட்டை அளந்துகொண்டே போவது அப்போது தெரியும். வாசனையும் படிப்படியாக வரும். எலுமிச்சைப்புல்லும் மக்ரூட்டும் முதலில். ப்ளாயின் கனத்த நெடி பிறகு. புளிய இலையின் புளிப்பு அடியில் மெல்லத் தங்கும். இந்த உருண்டை இன்று தாய்லாந்து அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இடம்பெற்றிருக்கிறது.

பிள்ளை பெற்ற பெண்களுக்கான உப்புச் சட்டி வைத்தியம் இதைவிட நுட்பமானது. என் பார்வையில் இந்த மரபின் மிக அழகான வேலை அதுதான். தப் மோ க்லுவா என்று பெயர். உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு ஒரு சிறு மண்சட்டி, மூடியோடு. அதில் கல் உப்பை நிரப்பிக் கரியடுப்பில் வைப்பார்கள். சற்று நேரத்தில் உப்பு பொரியத் தொடங்கும். எப்போது இறக்குவது என்பதைக் காதுதான் சொல்கிறது. இறக்கிய சட்டியின் கீழே இடித்த ப்ளாயும் கஸ்தூரி மஞ்சள் வகைக் கிழங்குகளும். அவற்றோடு ப்ளாப்ப்ளுங் என்ற லில்லி போன்ற செடியின் நீண்ட தடித்த இலை. எல்லாவற்றையும் சேர்த்துத் துணியில் கட்டி, முடிச்சை மேலே பிடித்துக்கொண்டு, தாயின் அடிவயிற்றிலும் இடுப்பிலும் தொடையிலும் ஒற்றி ஒற்றி நகர்த்துவார்கள்.

அடுக்குகளை எண்ணிப் பாருங்கள். கரி, மண், உப்பு, கிழங்கு, இலை, துணி. ஒவ்வொன்றும் சூட்டிலிருந்து ஏதோ ஒன்றைக் குறைத்து, ஏதோ ஒன்றைச் சேர்த்து அனுப்புகிறது. உப்பு சூட்டை நெடுநேரம் பிடித்து வைக்கும். பச்சை இலை வாடும்போது ஈரத்தை விடும். அதனால் வறண்ட சூடு ஆவிச் சூடாக மாறும். வீங்கிய கர்ப்பப்பை சுருங்கித் தன் இடத்துக்குத் திரும்ப இது உதவும் என்பது மருத்துவச்சிகளின் நம்பிக்கை. அந்த உப்பும் அந்த மண்ணின் உப்புதான். வடகிழக்கில் ஈசான் பகுதியின் நிலத்தடியில் உப்புப் படிவங்கள் உண்டு. வறண்ட காலத்தில் தரையில் பூக்கும் உப்பு மண்ணைக் கரைத்து வடித்துக் காய்ச்சுவது அங்கே பழைய தொழில். வடக்கே மலைகளுக்கு நடுவே போ க்லுவா என்ற ஊரில், கடலே கண்ணில் படாத இடத்தில், கிணற்று நீரைக் காய்ச்சி உப்பு எடுக்கிறார்கள்.

இதற்கெல்லாம் பின்னால் ஓர் எண்ணம் இருக்கிறது. உடம்பு நிலம், நீர், காற்று, நெருப்பு என்ற நான்கால் ஆனது என்று பௌத்த மரபைத் தொடர்ந்து அவர்கள் கொள்கிறார்கள். வைத்தியத்தின் ஆதி குருவாக அவர்கள் வணங்குவது புத்தரின் மருத்துவரான ஜீவகரை. பிரசவத்தில் குருதியோடு உடம்பின் நெருப்பும் வெளியேறிவிடுகிறது, காற்று உள்ளே புகுந்துவிடுகிறது. எனவே வெளியிலிருந்து நெருப்பை ஊட்ட வேண்டும். இந்த எண்ணத்தின் முழு வடிவம்தான் யூ ஃபாய், பிரசவித்தவள் நெருப்பின் அருகில் கிடப்பது.

அதை இன்று பழைய வடிவில் பார்ப்பது அரிது. ஆகையால் மனக்கண்ணால் கட்டிப் பாருங்கள். வீடு மரக்கால்களின் மேல் நிற்கும் மரவீடு. மரத்தரையில் பல நாள் நெருப்பு எரிய வேண்டும். வாழைமரத் துண்டுகளை அடுக்கி, நடுவே மண் நிரப்பி, அதன்மேல் அடுப்பு மூட்டினார்கள். பக்கத்தில் பலகை, அதில் தாய். நெருப்பு பக்கவாட்டில் இருப்பது ஒரு முறை. மூங்கில் கட்டிலுக்கு அடியில் இருப்பது இன்னொரு முறை, அதை வியட்நாமியர் முறை என்பார்கள். விறகுக்குப் புளியங்கட்டை விரும்பப்பட்டது, பொறி தெறிக்காமல் நின்று எரியும் என்று. தொடங்கும் முன் மருத்துவச்சி அரிசியும் உப்பும் தூவி, மந்திரம் சொல்லி, நெருப்பின் நஞ்சை அடக்குவாள். குடிக்கச் சுடுநீர் மட்டும். உணவில் கடும் கட்டுப்பாடு. ஈசானில் சோறு, உப்பு, சுட்ட அரத்தை என்று நாட்கள் போகும். மத்திய சமவெளியில் வாழைப்பூவும் மிளகும் போட்ட கேங் லியாங் குழம்பு, பால் சுரக்க. ஒரு வாரம், இரண்டு வாரம், வடக்கே ஒரு மாதம்கூட. 1687இல் சியாமுக்கு வந்த பிரெஞ்சுத் தூதர் சிமோன் த லா லூபேர் இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்.

இங்கே நடுவில் இருப்பது என்ன? இலையும் இல்லை, உப்பும் இல்லை. வெறும் தூரம். அந்தத் தூரத்தைக் காப்பவர்கள் குடும்பத்தார். இரவெல்லாம் யாராவது விழித்திருந்து விறகைத் தள்ளவும் இழுக்கவும் வேண்டும். விறகு பிளந்து சேர்ப்பது கணவன் பொறுப்பு. மாதக்கணக்கில் முன்பே தொடங்கிவிடுவான். நாற்று நடவும் நெல் குத்தவும் தண்ணீர் தூக்கவும் போக வேண்டியவளை அந்த நாட்களில் யாரும் எழுப்ப முடியாது. இது எனக்கு மருந்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

பாங்காக் அருகே பாங் சான் கிராமத்தில் ஆய்வு செய்த ஜேன் ஹாங்க்ஸ் 1963இல் வெளியிட்ட நூலில் வேறொரு கோணத்தைக் காட்டினார். ஒருமுறையும் துறவு பூணாத ஆணைத் தாய்லாந்துக்காரர்கள் பச்சை மனிதன் என்பார்கள்; சில காலம் துறவியாக இருந்து வந்தவன் பக்குவப்பட்டவன். பெண்ணுக்குத் துறவு மடத்தில் அந்த வழி இல்லை. அவள் பக்குவமடைவது இந்த நெருப்பின் அருகில். அப்படிப் பார்த்தால் அந்தப் பலகை படுக்கை மட்டுமில்லை, ஒரு தீட்சை.

ரசிப்பது என்றால் குறையை மறைப்பது என்று பொருளில்லை. மூடிய அறையில் புகை, தீக்காயம், நீர் வற்றல், சத்துக் குறைவான உணவு: தாய்மார் இவற்றால் துன்பப்பட்டிருக்கிறார்கள். 1835இல் பாங்காக் வந்த அமெரிக்க மருத்துவர் டான் பிராட்லி யூ ஃபாயைக் கடுமையாக எதிர்த்தார். 1888இல் சிரிராஜ் மருத்துவமனை திறந்தது. 1896இல் சௌவபா ராணியின் முயற்சியில் அங்கே மருத்துவச்சிப் பள்ளி வந்தது. மெல்ல மெல்ல நெருப்பு அணைந்தது. அணைந்தது நல்லதுதான் என்று நினைக்கிறேன். அதன் மென்மையான உறுப்புகள், ஒத்தடமும் உப்புச் சட்டியும் ஆவிக்குளியலும், பிழைத்துக்கொண்டன என்பதும் நல்லதே. இப்போது அறுவைப் பிரசவமானவர்களைக் காயம் ஆறும் வரை காக்க வைக்கிறார்கள். காய்ச்சல், இதய நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் ஆவிக் கூடாரத்துக்குள் விடுவதில்லை. நீரிழிவால் தோல் மரத்தவர்களுக்கு ஒத்தடச் சூட்டைக் குறைக்கிறார்கள். இந்தக் கேள்விகளைக் கேட்காமல் வேலையைத் தொடங்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ஆவிக்குளியலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேது பிடித்தவர்களுக்கு அது புரியும். முன்பு கோழி கவிழ்க்கும் பெரிய மூங்கில் கூடையைத் துணியால் மூடி, உள்ளே மூலிகைப் பானையோடு பெண்ணை உட்கார வைப்பார்கள். இப்போது பல இடங்களில் அது அறையாகிவிட்டது.

கடைசியாக யாம் காங். வடக்கே, சியாங் மாயைச் சூழ்ந்த லன்னா நாட்டின் மரபு. ஏரின் தேய்ந்த இரும்புக் கொழுவைக் கரிநெருப்பில் சிவக்கக் காய்ச்சுகிறார்கள். வைத்தியர் ப்ளாய் ஊறிய நீரிலோ நல்லெண்ணெயிலோ பாதத்தை நனைத்து, கொழுவின் மேல் மிதிக்கிறார். குப்பென்று சுடர் எழும். அதே பாதத்தை உடனே நோயாளியின் இடுப்பிலோ காலிலோ முதுகிலோ வைத்து மிதிக்கிறார். மூட்டுவலி, தசைப்பிடிப்பு, வாதத்தில் விழுந்த கை கால்களுக்கு இதைச் செய்கிறார்கள். வேடிக்கை பார்க்க வருபவர்கள் சுடரைத்தான் படம் பிடிப்பார்கள். நீங்கள் சுடர் அணைந்த பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். பாதம் நோயாளியைத் தொடுவதற்கு முன் ஒரு கணம் தாமதிக்கும். சில வைத்தியர்கள் தம் மறுகாலில் ஒற்றிப் பார்ப்பார்கள். நனைந்த தடித்த தோல், தொடும் நேரத்தின் குறுக்கம், இவை அந்தப் பாதத்தைக் காக்கின்றன. ஆனால் எவ்வளவு சூடு என்ற தீர்ப்பு முழுக்க அந்தப் பாதத்தில் இருக்கிறது. வேறெந்த முறையிலும் வைத்தியர் இவ்வளவு தூரம் உள்ளே வருவதில்லை. நோயாளிக்குப் போகும் சூடு முழுவதும் முதலில் அவர் உடம்பைக் கடந்துதான் போகிறது. எழுதப்பட்ட மரபைப் பார்க்க விரும்பினால் பாங்காக்கின் வாட் போ கோயிலுக்குப் போகலாம். மூன்றாம் ராமா மன்னர் காலத்தில், 1830களில், மருத்துவக் குறிப்புகளையும் உடல் வரைபடங்களையும் கல்லில் செதுக்கிப் பதித்தார்கள். யாம் காங்கை அப்படிக் கல்லில் படித்துக்கொள்ள முடியாது. ஒரு பாதத்தை இன்னொரு பாதம்தான் பழக்க முடியும்.

போக நினைப்பவர்கள் பிராசின்புரியில் இருக்கும் சாவ் பிரயா அபயபூபேட் மருத்துவமனையிலிருந்து தொடங்கலாம். 1909இல் கட்டிய பழைய மாளிகை ஒன்று அங்கே மருத்துவ அருங்காட்சியகமாக இருக்கிறது. மூலிகைகளைப் பச்சையாகவும் காய்ந்தும் பார்க்கலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரையான குளிர்காலம் வடக்கே போக ஏற்றது. விடியற்காலைக் குளிரில் சூடு ஏன் அங்கே மருந்தானது என்று தோலுக்கே தெரியும். லன்னா வைத்தியரிடம் போனால், தொடங்கும் முன் ஒரு தட்டு கேட்பார்கள்: பூ, மெழுகுவர்த்தி, அரிசி, வெற்றிலை பாக்கு, கொஞ்சம் பணம். அது குருவுக்கு. பேரம் பேசாதீர்கள். மந்திரம் சொல்லும்போது படம் எடுக்க அனுமதி கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். சூடு அதிகமானால் பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டாம். ரோன், சூடு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதையும் சேர்த்துத்தான் அந்தக் கை பதம் பார்க்கிறது. முடிந்ததும் சில மணி நேரம் குளிக்கக் கூடாது என்பார்கள். மஞ்சள் கறை படியும், வெள்ளை உடை வேண்டாம்.