அரசின் கையில் ஷரீஅத்

இஸ்லாத்துக்கும் மதச்சார்பின்மைக்கும் ஒட்டாது, அது கிறித்தவ ஐரோப்பா தன் வீட்டுச் சண்டைக்குத் தேடிக்கொண்ட மருந்து என்று சொல்வது இன்று அறிவுலகில் நாகரிகம். முன்பு இஸ்லாமியவாதச் சிந்தனையாளர் மவ்தூதியும் மேற்கத்திய வரலாற்றாளர் பெர்னார்ட் லூயிஸும் எதிரெதிர்க் கரைகளிலிருந்து ஏறக்குறைய இதையே சொன்னார்கள். இப்போது மானிடவியலாளர் தலால் அசத், இஸ்லாமியச் சட்ட ஆய்வாளர் வாயில் ஹல்லாக் ஆகியோரை அரைகுறையாகப் படித்தவர்கள் காலனிய எதிர்ப்பு மெருகு பூசிச் சொல்கிறார்கள். சூடானியச் சட்ட அறிஞர் அப்துல்லாஹி அஹ்மத் அந்நயீமை இவர்களில் பலர் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

அவருக்கு முந்தைய கதை தெரிந்ததுதான். துருக்கி 1924இல் கிலாஃபத்தை ஒழித்தது. மறு ஆண்டே, அல்அஸ்ஹரில் பயின்ற காழி (ஷரீஅத் நீதிபதி) அலி அப்துர் ராஸிக், கிலாஃபத் மார்க்கக் கடமையல்ல என்று எழுதி ஆலிம் (மார்க்க அறிஞர்) தகுதியை இழந்தார். 1950இல் அதே வழியில் துணிச்சலாகத் தொடங்கிய காலித் முஹம்மத் காலித் முதுமையில் பின்வாங்கினார். 1970இல் இந்தோனேசியாவின் நூர்கோலிஷ் மஜித், இஸ்லாத்தை ஏற்க இஸ்லாமியக் கட்சி தேவையில்லை என்று வாதிட்டார்.

சூடானில் இந்த விவாதம் நூலகத்தோடு நிற்கவில்லை. அந்நயீமின் குரு மஹ்மூத் முஹம்மத் தாஹா ஒரு பொறியாளர். மக்காவில் அருளப்பட்ட வசனங்களே நிலையானவை, மதீனாச் சட்டங்கள் அக்காலத்துக்குரியவை என்றவர். அதிபர் நிமைரி 1983 செப்டம்பரில் ஷரீஅத்தின் பெயரால் கொண்டுவந்த சட்டங்களைத் துண்டறிக்கை போட்டு எதிர்த்தார் தாஹா. 1985 ஜனவரி 18 அன்று கார்ட்டூமில் தூக்கிலிடப்பட்டார். மேல்முறையீட்டில் சேர்க்கப்பட்ட மதத்துறப்புக் குற்றம் அன்றைய தண்டனைச் சட்டத்தில் எழுதப்படவே இல்லை. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பைச் செல்லாதென்றது, யாருக்குப் பயன்?

நாட்டைவிட்டு வெளியேறிய சீடர் 1990 நூலில் குருவின் வசன விளக்க முறையிலேயே நின்றார். அது இறையியலாளர்களின் முடிவில்லாத வழக்கு. 2008இல் வந்த 'இஸ்லாமும் மதச்சார்பற்ற அரசும்' அந்த வழக்கை ஓரம் வைத்துவிட்டு நேரே அடிமடியில் கைவைக்கிறது. நிய்யத் (மனத்தின் எண்ணம்) இல்லாமல் வணக்கம் இல்லை. போலீசுக்குப் பயந்து பிடிக்கும் நோன்பு நோன்பாகுமா? மத்ஹபுகள் எனும் சட்டப் பள்ளிகளுக்கிடையே ஒரு கருத்தைப் பொறுக்கிச் சட்டமாக்குபவர்கள் மனிதர்கள். ஆகவே அமலாவது அரசின் விருப்பம்தானே தவிர இறைவனின் ஷரீஅத் அல்ல. மனமொப்பி முஸ்லிமாக வாழவே தனக்கு மதச்சார்பற்ற அரசு தேவை என்கிறார் அவர்.

அரசையும் மதத்தையும்தான் அவர் பிரிக்கிறார். அரசியலிலிருந்து மதத்தைத் துரத்தவில்லை. முஸ்லிம்கள் தம் அறத்தைச் சட்டமன்றத்துக்குக் கொண்டுவரலாம், ஆனால் பிற மதத்தவரும் எடைபோடக்கூடிய காரணங்களோடு வரவேண்டும். மதத்தைத் தன் இலாகாவாக்கிக்கொண்ட துருக்கிய முறையையும் அவர் ஏற்கவில்லை. இந்தியாவைப் பற்றிய அத்தியாயத்தில் மட்டும், அரசின் நடுநிலை மீது அவர் வைக்கும் நம்பிக்கை கொஞ்சம் தாராளம்தான்.

அட்லாண்டாவில் பேராசிரியராகப் பணியாற்றியதால் அவரை மேற்கின் குரல் என்று ஒதுக்குவது மலிவான வேலை. மனித உரிமைகளைக் காலனியப் பிடியிலிருந்து விடுவிக்க 2021இல் தனி நூலே எழுதியவர் அவர். குருவைத் தூக்கிலிட்டபோது ஏட்டில் இல்லாத மதத்துறப்புக் குற்றம் 1991இல் 126ஆம் பிரிவாகச் சூடானின் சட்டத்தில் ஏறியது. 2020 ஜூலையில் அதை நீக்கியது ஐரோப்பா அல்ல. மக்கள் எழுச்சிக்குப் பின் கார்ட்டூமில் அமைந்த இடைக்கால அரசு. அடுத்த ஆண்டு ராணுவம் அந்த அரசைக் கவிழ்த்தது, 2023இல் போர் மூண்டது. இதையெல்லாம் அந்நயீமின் தோல்வியாக எண்ணுபவர்கள், நிமைரியிலிருந்து அதிபர் பஷீர்வரை ஷரீஅத்தின் பெயரால் நடந்த ஆட்சிகளை யார் கணக்கில் எழுதுவார்கள்?