கோட்டைத் தாண்டிய ரன்னர்

பௌலர் முனையில் ரன்னரை அவுட்டாக்கியது செல்லுமா என்று பார்க்கும் கண் முதலில் போக வேண்டிய இடம் பௌலரின் தோள். கை உச்சிக்கு ஏறிவிட்டால் அதற்குப் பிறகு ஸ்டம்பைத் தட்டிப் பயனில்லை. 2023 ஜனவரியில் மெல்போர்னில் ஆடம் ஜாம்பா தட்டியபோது டாம் ராஜர்ஸ் கோட்டுக்கு வெளியேதான் நின்றார். ஆனால் ஜாம்பாவின் கை செங்குத்தைக் கடந்திருந்தது, நாட் அவுட். அதே மாதம், கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்சிசி 38.3ஆம் விதியின் வாசகத்தைத் திருத்தி இதைத் தெளிவாக்கியது. பந்து போடுவதுபோல் கையைச் சுற்றிவிட்டுத் தட்டுவது கைத்திறனே அல்ல, வெறும் ஏய்ப்பு.

தோளில் சிக்கல் இல்லையென்றால் மீதி மட்டையில் இருக்கிறது. கோட்டின் மேலேயே மட்டை இருந்தாலும் அவுட். உள்ளே ஊன்றியிருக்க வேண்டும்.

இந்தக் கலையின் முழு அழகும் முழு வழக்கும் அஸ்வினிடம் சேர்ந்திருக்கின்றன. 2019 மார்ச் 25, ஜெய்ப்பூரில் ஐபிஎல் ஆட்டம். 185 ரன் இலக்கு. ஜோஸ் பட்லர் 43 பந்தில் 69. ஓடி வந்த அஸ்வின் கையைச் சுழற்றாமல் ஸ்டம்ப் பக்கம் திரும்பினார். பட்லரின் பார்வை எதிர்முனையில் சஞ்சு சாம்சன் மேல். கால் மட்டும் பழக்கத்தில் முன்னே நகர்ந்தது. பெயில்ஸ் விழுந்தது. பதற்றமோ பாசாங்கோ இல்லாத அந்தத் திரும்பல்தான் திரும்பத் திரும்பப் பார்க்கத் தக்கது. எம்சிசி முதலில் விதிப்படி சரி என்றது. மறுநாளே, அஸ்வின் நின்ற இடைவெளி நீளம், ஆட்டத்தின் மாண்புக்குப் பொருந்தாது என்றது.

இடைவெளி நீளமா என்பதைத் தீர்ப்பது சுலபமில்லை. பந்து வழக்கமாகக் கையை விடும் கணம் வரை என்கிறது விதி. ஓட்டத்தையும் கைச்சுழற்சியையும் பந்துக்குப் பந்து மாற்றிப் பார்த்த அஸ்வினுக்கு வழக்கம் எது? கோட்டருகே ஒரு நொடி தயங்கிப் போடுவதும் அவர் ஆயுதங்களில் ஒன்று. அந்தத் தயக்கத்தைக் கண்டு உள்ளேயே நிற்பது ரன்னரின் வேலை.

முன்னெச்சரிக்கை தர வேண்டும் என்போர் வினூ மன்கட்டை மறந்துவிடுகிறார்கள். 1947இல் ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் பில் பிரவுனை முதலில் எச்சரித்து, பிறகு அவுட்டாக்கி, டிசம்பர் 13 அன்று சிட்னி டெஸ்டில் மறுபடியும் அவுட்டாக்கினார். பழி மட்டும் அவர் பெயரிலேயே தங்கிற்று. பிராட்மேன் அவர் பக்கம் பேசியும் போகவில்லை. அஸ்வினும் 2012இல் பிரிஸ்பேனில் திரிமன்னேயை அவுட்டாக்கினார். கேப்டன் சேவாக் அப்பீலைத் திரும்பப் பெற்றார். பெருந்தன்மை என்று அன்று பாராட்டினார்கள். திரிமன்னே அதன் பிறகும் முன்னே நகர்ந்தபடியே ஆடினார்.

பேஸ்பாலில் கெடுபிடி அதிகம். முதல் பேஸில் நிற்பவரைப் பிடிக்க இடக்கைப் பிட்சர் எடுத்து வைக்கும் முன்கால் பேஸை நோக்கியே போக வேண்டும். 45 பாகைக்கு மேல் விலகினால் அம்பயர் ‘பாக்’ என்பார், பேஸ்களில் நிற்பவர்கள் ஆளுக்கு ஒரு பேஸ் முன்னேறுவார்கள். ஆண்டி பெட்டிட் அந்த விளிம்பிலேயே பிழைத்தவர். கிரிக்கெட்டில் முயற்சி பலிக்காவிட்டால் தண்டனை இல்லை. அதனால்தான் இப்போது நின்று முறைத்துவிட்டுத் திரும்பிப் போகும் பௌலர்கள் பெருகிவிட்டார்கள். தட்டும் எண்ணமில்லாமல் நிற்பதில் ரசிக்க ஒன்றுமில்லை.

திரையை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதைவிட நல்ல சாட்சி குலசேகரன்பட்டினம் கடற்கரையில் கிடைக்கும். டென்னிஸ் பந்து ஆட்டத்துக்குக் குதிகாலால் கிழித்த கோடு. பேட்டிங் சைடு ஆளே அம்பயர். ஈர மணலில் மட்டையை இழுத்துக்கொண்டு நகரும் ரன்னர் ஒரு விரல் ஆழத்தில் தடம் விட்டுப் போகிறான். கோட்டைத் தாண்டி அது ஒரு சாண் நீண்டிருந்தால் அவன் கிளம்பியதற்குச் சாட்சி ஆயிற்று. எப்போது கிளம்பினான் என்பதை மட்டும் மணல் சொல்லாது. அதற்குத் தோளைப் பார்த்தவன் ஒருவன் வேண்டும். யாரும் பார்க்கவில்லையென்றால் அது டெட் பால். ஓவர் கணக்கில் சேராது, பௌலர் மறுபடி ஓடி வருவான்.