பழுதான வடிகட்டியா?

மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்குக் கவனம் ஏன் சிதறுகிறது என்று கேட்டால், மூளையின் வடிகட்டி பழுதாகிவிட்டது என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. சட்டென்று மனதில் ஒட்டிக்கொள்ளும் விளக்கம். எனக்கு அதில்தான் சந்தேகம்.

1958இல் டொனால்ட் பிராட்பென்ட் கவனத்தை ஒரு வடிகட்டி போல விளக்கினார். 1961இல் மெக்கீ, சாப்மன் என்ற இருவர், நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்களிடம் பேசி ஒரு கட்டுரை எழுதினார்கள். எல்லாச் சத்தமும் ஒரேயடியாக வந்து விழுகிறது, எதை விடுவதென்று தெரியவில்லை என்கிற மாதிரி அனுபவங்கள். நோயாளிகளின் சொல்லையே ஆதாரமாக எடுத்துக்கொண்டது அந்தக் கட்டுரையின் பலம், இன்றும் படிக்கலாம். ஆனால் அனுபவம் வேறு, அதன் காரணம் வேறு இல்லையா? காய்ச்சல்காரர் குளிருதுன்னு சொன்னா அறை குளிர்ந்துபோச்சுன்னு அர்த்தமில்லையே.

சோதனைகளிலும் ஒரு பொறி உண்டு. 1973இல் லோரன் சாப்மன், ஜீன் சாப்மன் (இவர்கள் வேறு சாப்மன்கள்) அதைச் சுட்டிக்காட்டினார்கள். நோயாளிகள் பொதுவாகவே பல சோதனைகளில் குறைவான மதிப்பெண் எடுக்கிறார்கள். ஒரு சோதனை ஆட்களைத் தரம் பிரிப்பதில் கூர்மையாக இருந்தால், அதில் இடைவெளி பெரிதாகத் தெரியும். இரைச்சலோடு நடத்திய சோதனையில் பின்தங்கினார்கள் என்பதை மட்டும் வைத்து இரைச்சலை வடிகட்டத் தெரியவில்லை என்று முடிவு கட்ட முடியாது.

இந்த இடத்தில்தான் ஜேம்ஸ் கோல்ட், ஸ்டீவன் லக் குழுவின் 2006 ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. திரையில் வருவதில் எதை நினைவில் வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே குறிப்புக் கொடுத்தார்கள். நோயாளிகளால் மொத்தத்தில் குறைவாகத்தான் நினைவில் வைக்க முடிந்தது. ஆனால் வேண்டியதை எடுத்து வேண்டாததை விடுவதில் மற்றவர்களுக்குச் சளைக்கவில்லை! அதாவது, எதைக் கவனிப்பது என்று தெளிவாகத் தெரிந்துவிட்டால் தேர்ந்தெடுக்கும் வேலை நடக்கிறது. எதைக் கவனிப்பது என்று தாங்களே தீர்மானித்து, அதன்படி கவனத்தைச் செலுத்தும்போதுதான் தடுமாற்றம்.

இதே குழு பின்னால் இன்னும் ஒரு படி மேலே போய், நோயாளிகளின் கவனம் சிதறுவதைவிட ஒரே இடத்தில் அளவுக்கு மீறிக் குவிகிறது என்ற கருதுகோளை முன்வைத்தது. முடிந்த முடிவாக அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் வடிகட்டிக் கதைக்கு இது நேர் எதிர்.

இது வெறும் ஆய்வகத் தகராறு இல்லை. மருந்தில் குரல்கள் அடங்கின பிறகும் இந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. வேலைக்குப் போவதை அதுதான் பல நேரம் தடுக்கிறது. சத்தமில்லாத அறையில் உட்கார வைத்தும் வேலை நகரலைன்னா, வீட்டில் சோம்பேறின்னு சொல்லிடறாங்க. அடுத்து என்ன செய்யணும்னு ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துப் பார்த்தோமா?