அணி பூண்ட கற்பனை விலங்குகள்

கற்பனை விலங்குகளைப் பிடித்து வளர்த்து மோதவிடும் கணினி விளையாட்டுகளில் அவ்விலங்குகள் அணியும் உடை, அணிகலன் பற்றிய விமர்சனம் இது. 1996-ல் ஜப்பானில் வெளியான போக்கிமான் இவ்வகையில் மிகவும் புகழ்பெற்றது. தமிழகத்தில் இதற்கு ஒப்பிடத்தக்க பழைய வடிவம் யாளி.

யாளியின் அணிகள்

யாளி சிங்க உடலும் சில வகைகளில் துதிக்கையும் கொண்ட கற்பனை விலங்கு. வேலூர் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் வீரர்களைச் சுமந்து எழும் யாளிகளைக் காணலாம். கழுத்து மணியும் கடிவாளமும் அது ஒருவருக்கு உரிய ஊர்தி என்பதைச் சொல்கின்றன. பிதுங்கிய கண்ணும் திறந்த வாயும் அது முழுதும் அடங்கவில்லை என்கின்றன. அந்த மணி தனியே செய்து பூட்டப்பட்டதல்ல, உடலோடு ஒரே கல்லில் செதுக்கப்பட்டது. 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பமும் கோயில் வடிவங்களை எடுத்தாள்வதே. அங்கும் உளி அணியையும் உடலையும் சேர்த்தே காண்கிறது.

கதை சொல்லும் அணி

போக்கிமானின் சிறந்த வடிவங்கள் இந்த இயல்பு கொண்டவை. கியூபோன் இறந்த தாயின் மண்டையோட்டை முகத்தில் அணிந்திருக்கிறது. மச்சோக்கின் இடைவார் அதன் கட்டுக்கடங்காத வலிமையை அடக்குவதற்கானது. இவற்றைக் கழற்றிவிட்டால் அந்த விலங்கே இல்லை. டிஜிமான் வரிசையின் காபுமானும் அவ்வாறே. கூச்சம் மிகுந்த அந்த ஊர்வன விலங்கு வேறொரு விலங்கின் தோலைப் போர்த்திக்கொண்டு துணிவு பெறுகிறது.

போர்த்தப்பட்ட உடை

2014-ல் வெளியான ஒமேகா ரூபி, ஆல்ஃபா சஃபையர் விளையாட்டுகளில் பிக்காச்சுவுக்கு ஐந்து உடைகள் அளிக்கப்பட்டன. ஒவ்வோர் உடையும் தனித்த ஒரு தாக்குதலைத் தந்தது. ஆகவே அங்கே உடைக்கு ஒரு பொருள் இருந்தது. 2018-ல் வந்த லெட்ஸ் கோ விளையாட்டுகளில் உடை வெறும் அலங்காரமாகியது. 2016-ல் தொடங்கிய போக்கிமான் கோவில் விழாக்காலத் தொப்பியுடன் வரும் விலங்குகளில் பலவற்றை அடுத்த நிலைக்குப் பரிணமிக்கச் செய்ய இயலாது. வளர்ச்சியை மையமாகக் கொண்ட விளையாட்டில் தொப்பிக்காக வளர்ச்சியே நிறுத்தப்படுகிறது. விலங்கு பெட்டியில் வைக்கும் சேகரிப்புப் பொருளாகிவிடுகிறது.

மதிப்பீடு

அலங்கரித்துப் பார்ப்பதில் உள்ள மகிழ்ச்சி குறையல்ல. திருவிழாவில் யாளி வாகனத்துக்கும் பட்டும் மாலையும் சாற்றுகிறோம். மாலையை எடுத்தபின்னும் அடியில் யாளி முழுமையாக இருக்கிறது. பிக்காச்சுவின் தொப்பியும் அத்தகைய மாலையாக இருந்தால் போதும். தான் அமர்ந்திருக்கும் தலையை அது சிறிதாக்கும்போதுதான் வடிவமைப்பு தோற்கிறது. அணி விலங்கைப் பற்றிப் பேசுகிறதா, அதை வைத்திருப்பவரைப் பற்றி மட்டும் பேசுகிறதா என்பதே இவ்வடிவங்களை மதிப்பிடும் அளவுகோல்.