உங்கு அசீஸ்: ஆய்வும் அமைப்பும்

ஜொகூர் அரச குடும்பத்தைச் சார்ந்த அரச பேராசிரியர் உங்கு அப்துல் அசீஸ் (1922–2020), அம்மாநில ஆட்சிப்பணியிலிருந்து பொருளியல் விரிவுரைக்கு வந்தவர். 1968 முதல் 1988 வரை மலாயாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கியவர். வீட்டில் ஆளுக்கு எத்தனை கைலி எனக் கணக்கிட்டு அவர் ஊரக வறுமையை அளக்க முனைந்தமை பலரும் அறிந்ததே. எனினும், அவர்தம் பொதுப்பணியை மதிப்பிட அஃது ஒன்றே போதாது என்பது நம் கருத்து. அவருடைய இரு ஆய்வுகளை இங்கு ஒப்புநோக்குவோம்.

ஹஜ் பயணத்திற்காகச் சிற்றூரார் நிலத்தையும் கால்நடைகளையும் விற்றனர். வட்டி விலக்கப்பட்டதென்பதால் வங்கியை நாடவில்லை. இந்நிலையை மாற்ற அவர் 1959இல் முன்வைத்த திட்டத்தின் பயனாக 1963இல் சேமிப்புக் கழகம் தோன்றியது. இன்றைய தாபோங் ஹாஜியின் வித்து அதுவே.

மற்றொன்று, 1951–1960 காலத் தோட்டத் துண்டாடல் பற்றி 1962இல் வெளிவந்த ஆய்வு. வெளியேறிய ஐரோப்பிய முதலாளிகள் விற்ற தோட்டங்கள் கூறுபோடப்பட்டபோது, தமிழ்த் தொழிலாளர் பலர் வேலையோடு குடியிருப்பையும் இழந்தனர். துண்டாடலின் தீய விளைவுகளை அவ்வாய்வு எடுத்துக்காட்டியது. ஆயின், தாபோங் ஹாஜியை ஒத்த அரசு அமைப்பு எதுவும் அதன்வழிப் பிறக்கவில்லை. 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கமே தொழிலாளர்தம் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது.

இரண்டும் ஒரே அறிஞரின் உழைப்பு. ஒன்றை ஏற்று நடத்த அரசு முன்வந்தது. மற்றதன் சுமை பெரிதும் பாதிக்கப்பட்டோர்மீதே விழுந்தது. ஆகவே, கொள்கை அறிஞரின் பணியை அளக்கையில், அவர் ஆய்வை ஏற்றோர் யாவர் என்பதையும் நாம் வினவவேண்டும். மலேசியத் தோட்டப்புற நாவல்களைக் கற்பிப்போர் 1962ஆம் ஆண்டு ஆய்வையும் உடன்வைத்துப் பயில்வது பெரும்பயன் தரும்.