முதல் செய்தி எது?

2007 ஜூன் 26 காலை. அமெரிக்காவின் எம்.எஸ்.என்.பி.சி. தொலைக்காட்சியில் ‘மார்னிங் ஜோ’ நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. செய்தி வாசிப்பவர் மீகா பிரெஜின்ஸ்கியின் கையில் இருந்த தாளில் முதல் செய்தி, நட்சத்திரம் பாரிஸ் ஹில்டன் சிறையிலிருந்து வெளியே வந்தது. முந்தைய நாள்தான் குடியரசுக் கட்சியின் மூத்த செனட்டர் ரிச்சர்ட் லூகர், தம் கட்சி அதிபர் புஷ்ஷின் ஈராக் போக்கு பலிக்கவில்லை என்று செனட் அவையில் பேசியிருந்தார். அந்தச் செய்தி ஹில்டனுக்குப் பின்னால் நின்றது. ஹில்டன் செய்தியை வாசிக்க மீகா மறுத்தார். லைட்டரை வாங்கித் தாளைக் கொளுத்தப் பார்த்தார். மறுபடி வந்த தாளைக் காகிதம் நறுக்கும் இயந்திரத்தில் விட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் இரவு சி.என்.என்.-இல் நேர்காணல் தொகுப்பாளர் லாரி கிங் ஹில்டனோடு ஒரு மணி நேரம் பேசினார்.

இப்படி நடப்பதற்குக் காரணம் பணமும் நேரமும்தான். 24 மணி நேரத் திரையை நிரப்பியாக வேண்டும். பாக்தாத்தில் நிருபரையும் பாதுகாப்பு ஆட்களையும் வைத்திருப்பது பெரும் செலவு. ஸ்டுடியோவில் நான்கு பேரை உட்கார வைத்து ஒரு நட்சத்திரத்தைப் பற்றிப் பேசுவதற்கு அவ்வளவு ஆகாது, கூட்டமும் சேரும்.

ஆனால் அந்த அரட்டை மேசையை அடியோடு தள்ளிவிட முடியாது. 1992 பிப்ரவரியில் லாரி கிங் மறுபடி மறுபடி கேட்டதால்தான், மக்கள் விரும்பினால் அதிபர் தேர்தலில் நிற்பேன் என்று தொழிலதிபர் ராஸ் பெரோ வாய் திறந்தார். 1993 நவம்பரில் துணை அதிபர் அல் கோரும் பெரோவும் நாஃப்டா வணிக ஒப்பந்தத்தைப் பற்றி அதே மேசையில் மோதியதைச் சுமார் 1.6 கோடி பேர் பார்த்தார்கள். சுங்கவரி பற்றிய விவாதத்துக்கு அத்தனை பேர்! நடிகரிடம் கேட்பதைப் போலவே தலைவரிடமும் எளிமையாகக் கேட்டதுதான் கிங்கின் பலம். பலவீனமும் அதிலேயே இருந்தது. விருந்தினர் எழுதிய புத்தகத்தைப் படிக்காமலே வருவேன் என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர். அப்படி வருபவரால், எதிரில் இருப்பவர் உண்மையைத் திரித்தால் அந்த இடத்திலேயே பிடிக்க முடியாது.

ஆகவே நட்சத்திரம் திரைக்கு வருவது குற்றமில்லை. யாரைத் தள்ளிவிட்டு வருகிறார் என்பதே கேள்வி. 2014 ஜனவரி 23 அன்று அதே எம்.எஸ்.என்.பி.சி.யில், அரசின் உளவுக் கண்காணிப்பைப் பற்றி முன்னாள் எம்.பி. ஜேன் ஹார்மன் பேசிக்கொண்டிருந்தார். தொகுப்பாளர் ஆண்ட்ரியா மிட்செல் நடுவில் நிறுத்தினார். மயாமி நீதிமன்றத்தில் பாடகர் ஜஸ்டின் பீபர்! அங்கே நடந்தது ஜாமீன் நடைமுறை மட்டுமே, தொகை 2,500 டாலர். அதை அரை மணி நேரம் கழித்துச் சொல்லியிருந்தால் பார்ப்பவர் யாருக்கும் நட்டமில்லை.