நடக்காததன் சரித்திரம்

சேலம் பக்கத்தில் விளையாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு பெயர்கள் உடனே வரும். பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். சின்னப்பம்பட்டி நடராஜன் 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். இருவரையும் எல்லோருக்கும் தெரியும், தெரிய வேண்டியதுதான். ஆனால் 1997 வரை சேலம் ஜில்லாவில் இருந்த நாமக்கல்லில் பிறந்த மோகன்ராஜைத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். "எந்த மோகன்ராஜ்?" என்பார்கள்.

நல்லப்பன் மோகன்ராஜ் கால்பந்து ஆட்டக்காரர். பின்வரிசையில் இடது பக்கத்தைக் காப்பது அவர் வேலை. கல்கத்தாவின் மோகன் பகானுக்கும், கோவாவின் ஸ்போர்ட்டிங் கிளப்புக்கும் ஆடியவர். 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது, முதல் கோப்பையை வென்ற கல்கத்தா அணியில் அவரும் இருந்தார். அவ்வாண்டு டிசம்பர் 20-ந் தேதி நவி மும்பையில் நடந்த இறுதிப் பந்தயம் முடியும் தறுவாயில் முகமது ரபீக் பந்தைத் தலையால் முட்டி ஒரே ஒரு கோல் போட்டார். அந்தக் கோலை ரசிகர்கள் இன்றும் சொல்கிறார்கள். அன்று கேரள அணி ஒரு கோல்கூடப் போட முடியாமல் போனதே, அதை யார் சொல்கிறார்கள்?

ஆட்டக்காரர்களின் வாழ்க்கை வரலாறு என்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பட்டியல். பிறந்த ஊர், ஆடிய கிளப்புகள், போட்ட கோல்கள். முன்வரிசைக்காரருக்கு இது ஓரளவு போதும். பின்வரிசைக்காரரைப் பற்றி அது ஒன்றுமே சொல்வதில்லை. அவர் சம்பாத்தியம் முழுவதும் நடக்காமல் போன கோல்களில் இருக்கிறது. நடக்காததற்கு எந்தப் பட்டியலில் கட்டம் உண்டு?

இந்தியாவின் மிகப் பெரிய பின்வரிசை வீரர் ஜர்னைல் சிங்கின் கதையையே பாருங்கள். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்ததால் அவரை முன்வரிசைக்கு மாற்றினார் பயிற்சியாளர் ரஹீம். இறுதியாட்டத்தில் அவர் கொரியாவுக்கு எதிராக ஒரு கோல் போட்டார். இந்தியா 2-1 என்று தங்கம் வென்றது. இன்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் எடுப்பது அந்தக் கோலைத்தான். ஆயுள் முழுதும் செய்த வேலையை விட்டுவிட்டு, இரண்டொரு நாள் இடம் மாறிச் செய்ததைப் புகழ்கிறோம்! உலகமும் நம்மைவிட மேல் இல்லை. 1956-இல் ஏற்பட்ட 'பாலன் தோர்' பரிசைப் பெற்ற ஆண் ஆட்டக்காரர்களில் பின்வரிசைக்காரர்கள் பெக்கன்பவர், சாமர், கன்னவாரோ என்று மூன்றே பேர்.

இது விளையாட்டு நிருபர்களின் குறை மட்டுமல்ல. கதை எழுதுகிறவர்களும் இதே கணக்குத்தான் வைத்திருக்கிறோம். ஓடிப் போனவள், குத்திக் கொன்றவன், சொத்தைத் தொலைத்தவன் இவர்களுக்கு அத்தியாயங்கள் தருகிறோம். வீடு இடியாமல் முப்பது வருஷம் தாங்கிப் பிடித்தவள் நம் நாவல்களில் காபி கொண்டு வந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

நாமக்கல் லாரிக்காரர்களுக்கு இந்த நியாயம் புரியும். நல்ல டிரைவரைப் பற்றிச் சொல்ல அங்கே கதை இருக்காது. போனார், சரக்கை இறக்கினார், வண்டியும் ஆளும் சேதமில்லாமல் வந்தார், அவ்வளவுதான். முதலாளி அடுத்த லோடுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்.

மோகன்ராஜின் ஆட்டத்தை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். எதிரி எந்தப் பக்கம் திரும்புவான் என்று அவர் எப்போது ஊகித்தார், எங்கே போய் நின்றதால் அந்தப் பந்து வராமலே போயிற்று என்று எழுத வேண்டும். கோல்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் நம் பள்ளிக்கூட மைதானங்களில் எல்லாப் பையன்களும் முன்னால்தான் போய் நிற்பார்கள். பின்னால் காக்க ஆள் இருக்காது.